கிளிக்கு ஒரு கணக்கு



'வீட்டுல ஒரு வெளிநாட்டுக் கிளி வளர்க்க அரசாங்கத்துக்கு எதுக்கு சார் கணக்கு?' என்று எதிரணித் தம்பி கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. தம்பி, எங்க உத்திரமேரூர் கணக்குக் கேட்ட ஊர். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால, பராந்தக சோழர் காலத்துல, குடவோலைத் தேர்தல் விதிகளைக் கோயில் சுவர்ல வெட்டி வச்சாங்க. பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது. அவன் சொந்தக்காரனும் வரக்கூடாது! (கைதட்டல்)

அந்த ஊர்ல, என் வீட்டுக்கே கணக்கில்லாத ஒரு ஜீவன் வந்தது. என் பேத்தி என்கிட்டதான் வளர்றா. சென்னையில வேலை பார்க்கிற என் மகன், போன வருஷம் அவ பிறந்த நாளுக்கு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒண்ணு வாங்கிட்டு வந்தான். 'பேப்பர் எங்கப்பா?' என்றேன். 'அடுத்த வாரம் தர்றேன்னார்மா.' அடுத்த வாரம் அந்த ஆள் போனையே எடுக்கல. (சிரிப்பு)

சட்டம் என்ன சொல்லுது? வனவிலங்குச் சட்டத்தை 2022-ல் திருத்தினாங்க. 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தது. சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் பதிவு செய்யணும். அதுக்கு முன்னாடியே, 2020-ல், 'காகிதம் இல்லாட்டியும் பரவாயில்லை, வந்து சொல்லுங்க'ன்னு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தாங்க. 30,000 பேருக்கு மேல் சொன்னாங்க. இதுக்குப் பேர் கெடுபிடியா?

'நம்ம பச்சைக்கிளிக்குத் தடை, வெளிநாட்டுக் கிளிக்கு அனுமதி, இது என்ன நியாயம்?' என்றும் கேட்டார். நம்ம கிளிக்கு நம்ம மரம் இருக்குதுங்க, அது அங்கேயே இருக்கட்டும். வெளிநாட்டுக் கிளி கூண்டிலேயே பொரிச்சதா, காட்டுல வலை வச்சுப் பிடிச்சதா? பார்த்தா தெரியாது. காகிதம்தான் சொல்லும்.

அது இல்லாட்டி என்ன ஆகும்? 2019 பிப்ரவரியில், சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த ஒருவர் பையில் ஒரு மாதச் சிறுத்தைக் குட்டி! எடை 1.1 கிலோ. வாங்க ஆள் இருக்குன்னுதானே பைக்குள்ள வச்சு அடைச்சான்? கணக்குக் கேட்காம காசு கொடுக்கிற நாமதான் அந்தப் பையைத் தைச்சுக் கொடுக்கிறோம். (கைதட்டல்)

எங்க வீட்டுக் கிளி நல்லாப் பேசும். 'பாட்டி'ன்னு கூப்பிடும். ஆனா 'நீ எந்த ஊரு?'ன்னு கேட்டா அதுக்குச் சொல்லத் தெரியாதே! நாலு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கடைசியில மகனே வனத்துறையில் போய் உண்மையைச் சொல்லி, கிளியை ஒப்படைச்சுட்டு வந்தான்.

பேத்தி அழுதா. 'அது யார் பிள்ளைன்னு தெரியாம நாம வச்சுக்கக் கூடாது கண்ணு' என்றேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. 'அப்போ அதோட அம்மா தேடிக்கிட்டு இருக்குமா பாட்டி?' என்றாள்.

எனக்குப் பதில் தெரியலை நடுவர் அவர்களே. அந்தக் காகிதம் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதனால்தான் சொல்றேன், அனுமதி தொல்லை இல்லை, தேவையே! (பலத்த கைதட்டல்)