லேசான செயின்சா, லேசில்லாத வேலை

"ஊர்ல இருக்கிற அப்பாவுக்கு ஒரு சின்ன செயின்சா வாங்கி அனுப்பலாமா?" போன சில மாசத்துல இதே கேள்வி நாலஞ்சு பேர்கிட்டேர்ந்து வந்துடுச்சு. எல்லாருக்கும் கதை கிட்டத்தட்ட ஒண்ணுதான். நாம சென்னையிலயோ பெங்களூர்லயோ லேப்டாப் முன்னாடி. ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி கொல்லை, கொஞ்சம் தென்னை, ரெண்டு மா, ஒரு பலா, வேலியோரம் தேக்கு. அப்பாவுக்கு அறுபது தாண்டியாச்சு. மரம் சாஞ்சா அறுக்க ஆள் கிடைக்கிறதில்ல, கிடைச்சாலும் கூலி கட்டுப்படியாகல.

கேள்வி நியாயமானது. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் கரையைக் கடந்தப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் தோப்பு தோப்பா தென்னை சாஞ்சது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்துல வீட்டுல ஒரு மிஷின் இருந்தா வழியை நாமளே சரி பண்ணிக்கலாம்னு யாருக்கும் தோணும்.

என் பதில்: அனுப்பலாம். ஆனா மிஷினை மட்டும் அனுப்பாதீங்க. ஏன்னு சொல்றதுதான் இந்த எபிசோட்.

ஒரு சின்ன கணக்கு

இன்ஜினியரிங் படிச்சதுக்கு ஒரு கணக்காவது போட்டுடுவோம். வீட்டு உபயோக செயின்சாவுல செயினைச் சுத்திவிடற பல்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 6 பல். இந்த சைஸ் மிஷின்ல வழக்கமா வர்ற செயின்ல ஒவ்வொரு பல்லும் முக்கால் இன்ச் செயினை இழுக்கும். அப்போ சக்கரம் ஒரு சுத்து சுத்தினா நாலரை இன்ச், அதாவது 11.4 சென்டிமீட்டர். இன்ஜின் நிமிஷத்துக்கு 10,000 சுத்துல ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. செயின் செகண்டுக்கு 19 மீட்டர் ஓடும். மணிக்கு 68 கிலோமீட்டர்.

14 இன்ச் மிஷின்ல செயினோட மொத்த நீளமே ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதுல வெட்டற பல் 25. அப்போ ஒரே செகண்டுல ஒரே இடத்தை சுமார் 500 பல் கடந்து போகுது. பெரிய மிஷின்லயும் செயின் வேகம் இதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எடை பாதியா இருந்தா ஆபத்தும் பாதின்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு. கால்ல பட்டா சின்ன மிஷினும் பெரிய மிஷினும் ஒண்ணுதான்.

எதை வாங்கறது

ஆன்லைன்ல தேடினா முதல்ல கண்ணுல படறது 58 சிசி, 22 இன்ச்னு பெருசா எழுதின மிஷின். விலையும் கம்மியா இருக்கும். பைக் வாங்கற பழக்கத்துல நமக்கு சிசி அதிகமா இருந்தா நல்லதுன்னு தோணும். வீட்டு வேலைக்கு அது தேவையே இல்ல. தென்னந்தண்டு, மாங்கிளை, விறகு, வேலிமரம், இதுக்கெல்லாம் 30 முதல் 40 சிசி, 14 இல்லன்னா 16 இன்ச் பார் தாராளம். பார்னா செயின் சுத்தி ஓடற நீளத் தகடு. அது நீளமானா மிஷினோட முனை கனக்கும், முனை எங்க இருக்குங்கிற கவனமும் குறையும்.

உதாரணத்துக்கு ரெண்டு சொல்றேன். ஸ்டில் எம்எஸ் 170: 30.1 சிசி, 3.9 கிலோ. ஹஸ்க்வர்னா 120 மார்க் 2: 38.2 சிசி, 4.85 கிலோ. இதைத்தான் வாங்கணும்னு சொல்லல, அளவு புரியறதுக்காகச் சொல்றேன். இந்த எடை பெட்ரோல், பார், செயின் எதுவும் சேர்க்காத எடை. எல்லாம் மாட்டி டேங்கை நிரப்பினா ஒண்ணு, ஒன்றரை கிலோ ஏறிடும். கடைக்குப் போனா முழுசா மாட்டின மிஷினை அப்பா கையில குடுத்து, இடுப்பு உயரத்துல ரெண்டு நிமிஷம் பிடிக்கச் சொல்லுங்க. கை நடுங்கிச்சுன்னா அந்த மிஷின் வேண்டாம். கை சோர்ந்த பிறகுதான் மிஷின் நாம நினைக்காத இடத்துக்குப் போகும்.

லேசா இருக்குங்கிறதுக்காக ஒண்ணை மட்டும் வாங்கிடாதீங்க. கைப்பிடி பின்னாடி இல்லாம மேலயே இருக்கிற குட்டி செயின்சா. பார்க்க அழகா, ஒரு கையில பிடிக்கலாம் போல இருக்கும். அது கயிறு கட்டி மரத்து மேல ஏறி வேலை செய்யற, அதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்களுக்கானது. தரையில நின்னு அறுக்கிறவங்களுக்குப் பின்பக்கக் கைப்பிடிதான் சரி.

வாங்கும்போது பார்க்க வேண்டியது நாலு. முன்பக்கம் கைக்காப்போட சேர்ந்த செயின் பிரேக் இருக்கணும். ஆக்சிலரேட்டரோட லாக் இருக்கணும், அதாவது கைப்பிடியை முழுசாப் பிடிச்சாதான் விசை அமுங்கணும். அதிர்வைத் தாங்கற ஸ்பிரிங்கோ ரப்பரோ இருக்கணும். நாலாவது, பக்கத்து டவுன்ல சர்வீஸும் ஸ்பேர் செயினும் கிடைக்கணும். விலை ரெண்டாயிரம் கம்மியா இருந்தும் செயினுக்கு மூணு வாரம் காத்திருந்தா என்ன பிரயோஜனம்?

இன்னொரு விஷயம். வருஷத்துக்கு ரெண்டு தடவை கை மொத்தக் கிளை வெட்டறதுதான் வேலைன்னா மிஷினே வேண்டாம். ஒரு நல்ல மடக்கு ரம்பம் போதும்.

லுங்கி பிரச்சனை

ஊர்ல மிஷின் ஓட்டறவரைக் கண் முன்னாடி கொண்டு வாங்க. மடிச்சுக் கட்டின லுங்கி, கால்ல ரப்பர் செருப்பு, தலையில துண்டு. உங்க அப்பாவும் அப்படித்தான் நிப்பார். அதனாலதான் மிஷினை மட்டும் அனுப்பாதீங்கன்னு ஆரம்பத்துல சொன்னேன்.

செயின்சாவுக்குன்னு தொடைக்கவசம் ஒண்ணு இருக்கு. பேன்ட் மேல கட்டிக்கலாம். உள்ளுக்குள்ள நீளநீளமான செயற்கை நார் அடுக்கடுக்கா இருக்கும். செயின் பட்டதும் மேல் துணி கிழிஞ்சு அந்த நார் வெளிய வந்து பல்சக்கரத்துல சுத்திக்கும், செயின் நின்னுடும். ஐரோப்பிய தர அளவுல கிளாஸ் 1னு போட்டிருந்தா செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்துல சோதிச்சதுன்னு அர்த்தம். நாம போட்ட கணக்கு 19. புரியுதா? ஆனா இது கத்தி படாத இரும்புக் கவசம் இல்ல. காயத்தோட ஆழத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

அது கூட வலைக் கண்ணாடியும் காதடைப்பும் சேர்ந்த ஹெல்மெட், முன்பக்கம் இரும்பு வெச்ச ஷூ, கிளவுஸ். இந்த மிஷின் போடற சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டும், காதடைப்பு ஆடம்பரம் இல்ல. பட்ஜெட் 15,000னா 15,000க்கும் மிஷின் பார்க்காதீங்க. கவசத்துக்கு முதல்ல ஒதுக்கிட்டு மிச்சத்துல மிஷின் பாருங்க. "இந்த வெயில்ல யாருடா இதெல்லாம் போடுவா"ன்னு அப்பா கேட்பார். காலையில ஆறுலேர்ந்து ஒன்பதுக்குள்ள வேலையை முடிச்சுக்கச் சொல்லுங்க.

பெட்ரோலும் ஆயிலும்

இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோல்ல ஆயில் கலந்துதான் ஊத்தணும். மேனுவல்ல 50:1னு இருந்தா லிட்டருக்கு 20 மில்லி, 25:1னா 40 மில்லி. வெறும் பெட்ரோல் ஊத்தி ஓட்டினா பிஸ்டன் சிக்கிக்கும், புது மிஷின் காலி. அதனால கலந்த கேன்ல மார்க்கரால பெருசா எழுதி வைங்க. மோட்டருக்கு ஊத்தற பெட்ரோல் கேனோட அது மாறிடக் கூடாது.

இப்போ நம்ம பங்குல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நிறைய செயின்சா மேனுவல்ல 10 சதவீதத்துக்கு மேல வேண்டாம்னு இருக்கும். வாங்கும்போதே டீலர்கிட்ட இதைக் கேட்டுடுங்க. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், ரப்பர் டியூபையும் கார்புரேட்டர் உள்ள இருக்கிற மெல்லிய சவ்வையும் கெடுக்கும். தேவைக்கு மட்டும் கலக்குங்க. வேலை முடிஞ்சு மாசக்கணக்குல வைக்கப் போறீங்கன்னா டேங்கைக் காலி பண்ணி, தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. பொங்கலுக்கு எடுத்தா ஸ்டார்ட் ஆகலங்கிற புகார்ல பாதிக்கு இதுதான் காரணம்.

செயினுக்குத் தனி ஆயில், தனி டேங்க். ஒர்க்‌ஷாப்ல கிடைக்கிற பழைய இன்ஜின் ஆயிலை ஊத்தறது ஊர்ப் பழக்கம். அதுல இருக்கிற இரும்புத் தூள் பம்பையும் பாரையும் தின்னும். அந்த ஆயில் நம்ம மண்ணுலதான் தெறிக்கும்.

ஓட்டும்போது

ஸ்டார்ட் பண்றது தரையில வெச்சுதான். செயின் பிரேக் போட்டு, பின் கைப்பிடிக்குள்ள வலது காலை விட்டு அழுத்தி, இடது கையால முன்பிடியைப் பிடிச்சு, வலது கையால கயிறை இழுக்கணும். அந்தரத்துல தூக்கிப் பிடிச்சு இழுக்கிறது பார்க்க ஸ்டைலா இருக்கும். செயின் எந்தப் பக்கம் ஆடும்னு சொல்ல முடியாது.

எப்பவும் ரெண்டு கை. இடது கட்டைவிரல் முன்பிடியை அடியில சுத்திப் பிடிச்சிருக்கணும். பாரோட முனையில மேல் பாதி எதுலயாவது பட்டா, மிஷின் கண் இமைக்கிறதுக்குள்ள முகத்தைப் பார்த்து எகிறும். இதுக்குப் பேர் கிக்பேக். விரல் சுத்திப் பிடிச்சிருந்தா மிஷின் கையை விட்டுப் போகாது, முன்காப்பு மணிக்கட்டுல பட்டு பிரேக் விழும். பார் போற கோட்டுக்கு நேர் பின்னாடி தலை இருக்கக் கூடாது, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிக்கணும். தோளுக்கு மேல தூக்கி அறுக்கக் கூடாது. ஏணி மேல நின்னு அறுக்கவே கூடாது.

சாஞ்சு கிடக்கிற மரம் சாதுவாத் தெரியும். ஆனா அது முறுக்கின ஸ்பிரிங். ரெண்டு முனையும் முட்டுல நின்னு நடு தொங்குதுன்னா மேல்பக்கம் அமுங்கியிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலேர்ந்து மூணுல ஒரு பங்கு அறுத்துட்டு மிச்சத்தை அடியிலேர்ந்து அறுக்கணும். ஒரு முனை அந்தரத்துல நீட்டிட்டு இருந்தா தலைகீழ். முதல்ல அடியில மூணுல ஒரு பங்கு, அப்புறம் மேலேர்ந்து. மாத்திப் பண்ணினா பார் உள்ள மாட்டிக்கும், இல்லன்னா மரம் பிளந்து அடிக்கும்.

தென்னை நார் மரம். தூளா விழாம நாரா வந்து கவருக்குள்ள அடைச்சுக்கும், தண்டுல மண் இருந்தா செயின் சீக்கிரமே மழுங்கும். அறுக்கிறதுக்கு முன்னாடி தண்டைத் துடைங்க. நல்ல செயின் மரத்துல சீவல் சீவலா எடுக்கும். மாவு மாதிரி கொட்டினா செயின் மழுங்கிடுச்சுன்னு அர்த்தம். மழுங்கின செயினை வெச்சு அழுத்தி அறுக்கும்போதுதான் பேலன்ஸ் போகும். இந்த சைஸ் செயினுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். பெட்ரோல் ஊத்தும்போதெல்லாம் ஒவ்வொரு பல்லுக்கும் ரெண்டு மூணு இழுப்பு இழுத்துட்டா போதும்.

தொடவே கூடாதது

சில வேலையை மிஷின் இருந்தாலும் செய்யக் கூடாது. ஒண்ணு, கரண்டு கம்பி மேல சாஞ்ச மரம். 94987 94987க்கு போன் பண்ணிட்டு, ஈபி ஆள் வந்து லைனை ஆஃப் பண்ற வரைக்கும் தள்ளி நில்லுங்க. ரெண்டு, இன்னொரு மரத்து மேல சாஞ்சு மாட்டிக்கிட்டு நிக்கிற மரம். மூணு, வேரோட பெயர்ந்து மண்கட்டி செங்குத்தா நிக்கிற பெரிய மரம். தண்டை அறுத்ததும் பாரம் குறைஞ்சு வேர்க்கட்டி பழைய குழிக்கே திரும்பி விழும். குழிக்குள்ள பசங்க நின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நாலு, வீட்டுப் பக்கம் சாஞ்ச உயரமான தென்னை. இந்த நாலுக்கும் வருஷக்கணக்கா இதையே தொழிலாப் பண்றவங்களைக் கூப்பிடுங்க. அவங்க கேக்கற கூலி இந்த வேலைக்குத்தான்.

சட்டமும் இருக்கு. சொந்த நிலமா இருந்தாலும் சந்தனம் மாதிரி மரத்தை அனுமதி இல்லாம வெட்ட முடியாது. மலைப்பகுதி கிராமங்களுக்கு 1955லேர்ந்தே தனி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்ல அறிவிச்சாங்க. சந்தேகம் இருந்தா விஏஓகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

கடைசியா, தனியா ஓட்டவே கூடாது. கூப்பிடு தூரத்துல ஒருத்தர், பாக்கெட்ல போன், பக்கத்துல சுத்தமான துணியும் இறுக்கிக் கட்ட பேண்டேஜும். வெட்டு விழுந்தா காயத்து மேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டே 108க்கு போன். உங்க வீட்டிலேர்ந்து பக்கத்து ஜிஹெச் எவ்வளவு தூரம்னு யோசிங்க. அதுக்கப்புறம் ஆர்டர் போடுங்க.

ஆர்டர் போடறதுக்கும் ஒரு வரிசை சொல்றேன். முதல்ல கவசம். அது வந்து சேர்ந்து, அப்பா ஒரு தடவை போட்டுப் பார்த்த பிறகு மிஷின். மிஷின் வர்ற வாரம் நீங்களும் ஊர்ல இருக்கணும். டீலரை வரச் சொல்லி, கீழ கிடக்கிற ஒரு கட்டையை வெச்சு ஒரு நாள் முழுக்க ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கோங்க. அந்த ஒரு நாள் லீவ் கிடைக்கலன்னா, லீவ் கிடைக்கிற வரைக்கும் கூலிக்கு ஆள் வெச்சுக்கலாம்.

ஊர்ல தோப்பு, கொல்லை இருக்கிற ஃபிரெண்டுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி கேட்டா நல்லது. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.