பார்த்தால் தெரியாத நோய்



ரிங்லெட்டில் விடியற்காலையில் போர்வையை விட்டு எழ நமக்கு மனம் வராது. ஆனால், எழ மனமிருந்தும் கால் எழாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மின்கம்பிக்கு உறை இருப்பதைப் போல நம் நரம்புகளுக்கும் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முதுகுத்தண்டிலும் அந்த உறையை அரித்துவிடுவதுதான் மல்டிபல் ஸ்கிளிரோசிஸ். பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், பெண்களுக்கே அதிகம் வருகிறது. மேலைநாடுகளைவிட மலேசியாவில் இது மிகக் குறைவு. அதனாலேயே வார்டில் பார்க்க வரும் உறவினருக்கு இது என்ன நோயென்று புரிவதில்லை.

நோய் திடீரென அதிகமானால், ஸ்டீராய்டு மருந்தை வழக்கமாக நாளுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள்கள் இரத்தநாளத்தில் ஏற்றுவார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், வாய் கசக்கும். நோயாளி களைத்துக் கிடப்பார். நாமோ, "பார்த்தால் நல்லாத்தானே இருக்கே, எழுந்து நடம்மா" என்போம். அந்த ஒரு வார்த்தை அவரை எவ்வளவு சுடும்!

மலைவாசிகளான நமக்கு இன்னொரு செய்தி. உடல் சூடேறினால் இந்நோயின் அறிகுறிகள் கூடும். 1890-இல் ஜெர்மன் மருத்துவர் ஊட்ஹோஃப், உடலை வருத்தி உழைத்தபின் இந்நோயாளிகளின் பார்வை மங்குவதை எடுத்துச் சொன்னார். குளிர்ந்த ரிங்லெட்டிலிருந்து தாப்பா சாலையில் இறங்கி, ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ புழுக்கமான வார்டில் படுத்தால், நேற்று நடந்த கால் இன்று துவளலாம். குடும்பமே பதறும். உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலை திரும்பிவிடும். ஆனால் காய்ச்சலும் சிறுநீர்க் கிருமித் தொற்றும்கூட இப்படிச் செய்யும். ஆகவே மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

சிறுநீரை அடக்க முடியாமல் போவதும் இந்நோயின் குணமே. வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் கிடந்தால் கிருமித் தொற்றுக்கு நாமே வழிவிட்டது போலாகும். தாதியரிடம் தயங்காமல் சொல்லி, கழிவறைக்குப் பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே கட்டில் கேளுங்கள். சாப்பிடும் மருந்துகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். தடுமாறும் காலோடு தனியே இறங்க விடாதீர்கள்.

இது செய்வினையும் அல்ல, சாமி குற்றமும் அல்ல, தொற்றுநோயும் அல்ல. முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடுத்தடுத்த தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் இன்று உண்டு.

அடுத்த முறை மலையிறங்கி மருத்துவமனைக்குப் போகும்போது, "இன்னிக்கு எப்படியிருக்கு, அக்கா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை நம்புங்கள். பழக்கூடையைவிட அவருக்கு அதுதான் பெரிது.