முதல் பைலட் வேலைக் கடிதம்: கையெழுத்துக்கு முன்னாடி நாங்க கேட்ட கேள்விகள்

வேலை, சம்பளம், ஒப்பந்தம் பத்தி நாம இங்க அடிக்கடி பேசியிருக்கோம். இந்த வாரமும் அதேதான், ஆனா ஆள் மட்டும் சாஃப்ட்வேர் இல்ல. என் சித்தி பையனுக்கு ஒரு விமான நிறுவனத்துல துணை விமானியா முதல் வேலைக் கடிதம் வந்தது. பதில் சொல்ல பத்து நாள் கொடுத்தாங்க. அந்தப் பத்து நாள்ல எதையெல்லாம் பார்த்தோம், என்ன முடிவு எடுத்தோம்னு சொல்றேன். அவன் பேரும் நிறுவனத்தோட பேரும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டான், அதனால ரெண்டையும் விட்டுடறேன்.

அவங்க ஊர் மரக்காணம். ஈ.சி.ஆர்.ல புதுச்சேரி போனவங்களுக்குத் தெரியும், ரோட்டோரத்துல வெள்ளை வெள்ளையா உப்பு குவிச்சு வச்சிருப்பாங்க. சித்தப்பா அங்க பாத்தி குத்தகைக்கு எடுத்து உப்பு எடுக்குறவர். வடகிழக்குப் பருவமழை இறங்கிட்டா பாத்தி முழுக்கத் தண்ணி, வேலை நின்னுடும். அந்த மழைக்காலத்துக்குத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. அப்படிப்பட்ட வருமானத்துல பையனைப் பைலட் ஆக்க, ரோட்டுப் பக்கம் இருந்த பூர்வீக நிலத்துல ஒரு பகுதியை வித்தாங்க. மீதிக்கு வீட்டு மேல பேங்க் லோன். அந்த லோனுக்குத் தவணை கட்டுற காலம் ஏற்கெனவே தொடங்கிடுச்சு.

வெளியில இருக்குறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இந்தியாவுல வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்கணும், டி.ஜி.சி.ஏ. தேர்வுகள் பாஸ் பண்ணணும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேணும். ஆனா உரிமம் கையில இருந்தா மட்டும் பயணிகள் விமானத்துல உட்கார முடியாது. எந்த விமானத்தை ஓட்டப் போறீங்களோ, அதுக்குன்னு 'டைப் ரேட்டிங்'னு தனிப் பயிற்சி இருக்கு. ஏர்பஸ் ஏ320-க்கு ஒண்ணு, ஏ.டி.ஆர்.க்கு வேற ஒண்ணு. இதுக்கே பல லட்சம் ஆகும். 2023-ல மட்டும் டி.ஜி.சி.ஏ. 1,622 வணிக விமானி உரிமம் கொடுத்துச்சு. அத்தனை பேருக்கும் உடனே நாற்காலி காத்திருக்கல.

தம்பிக்கு வந்தது ஏ.டி.ஆர். வேலை. ரெண்டு பக்கமும் விசிறி சுத்துற சின்ன விமானம், புதுச்சேரிக்கு வந்து போகுதே, அந்த ரகம். டைப் ரேட்டிங் செலவை நிறுவனம் ஏத்துக்கும். பதிலுக்கு அஞ்சு வருஷம் பாண்ட். நடுவுல போனா பெரிய தொகை கட்டணும். பயிற்சிக் காலத்துல உதவித்தொகை மட்டும்தான், முழுச் சம்பளம் லைன்ல ரிலீஸ் ஆன பிறகு.

முதல் கேள்வி: ஏர்பஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா? கூடப் படிச்ச பசங்க எல்லாம் 'பொறுடா'ன்னாங்க. நான் ஒரு ஷீட் போட்டு, காத்திருக்க என்ன செலவுன்னு எழுதினேன். மாசத் தவணை. வருஷா வருஷம் மருத்துவச் சான்று புதுப்பிக்கிற செலவு. கருவி வழிப் பறத்தல் தகுதியைக் கைவிடாம வச்சிருக்க ஆகுற செலவு. அதோட சீனியாரிட்டி. நம்ம துறையில கம்பெனி மாறினா சம்பளம் ஏறும். விமானத் துறையில வேற நிறுவனத்துக்குப் போனா பெரும்பாலும் வரிசையோட கடைசிக்குப் போகணும். கேப்டன் ஆகத் தேவையான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேணும். வருஷத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல பறக்க விதி விடாது. அதனால இன்னைக்கு ஏறுறவனுக்கும் ஒரு வருஷம் கழிச்சு ஏறுறவனுக்கும் இடைவெளி அப்படியே நிக்கும். ஏ.டி.ஆர். டைப் ரேட்டிங் ஏர்பஸ்ஸுக்குச் செல்லாதுதான், ஆனா பறந்த மணி நேரம் லாக் புத்தகத்துல இருக்கும். அது யாராலயும் எடுக்க முடியாதது.

ரெண்டாவது, பாண்ட். சித்தப்பா இதைக் கேட்டதும் சொன்னார்: 'நாங்க சீசனுக்கு முன்னாடி வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குவோமே, அது மாதிரிதானப்பா? வாங்கிட்டா உப்பை அவருக்குத்தான் போடணும், விலையும் அவர் சொல்றதுதான்.' நான் ஆமான்னேன். அவர் அடுத்துக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. 'வருஷா வருஷம் கழியுமா, இல்ல கடைசி வரைக்கும் முழுசா நிக்குமா?'

கடிதத்துல அது இல்ல. நாலு வருஷம் பதினொரு மாசம் வேலை பார்த்துட்டுப் போனாலும் முழுத் தொகையா? எழுதியிருக்கிறபடி பார்த்தா அப்படித்தான் வருது.

இங்க சிலர், 'பாண்டெல்லாம் கோர்ட்டுல நிக்காது, தைரியமா கையெழுத்துப் போடு'ன்னாங்க. அதை நம்பாதீங்க. 2025 மே மாசம் விஜயா பேங்க் வழக்குல உச்ச நீதிமன்றம், மூணு வருஷத்துக்கு முன்னாடி போனா ரெண்டு லட்சம் கட்டணும்ங்கிற நிபந்தனை செல்லும்னு தீர்ப்பு சொல்லிருக்கு. ஒவ்வொரு பாண்டும் அப்படியே செல்லும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, தொகை நியாயமா இருக்கான்னு பார்ப்பாங்க. ஆனா செல்லாதுங்கிற நம்பிக்கையில கையெழுத்துப் போடக் கூடாது. பாண்டைத் தாண்டி இன்னொண்ணும் இருக்கு. டி.ஜி.சி.ஏ. விதிப்படி துணை விமானி ஆறு மாசம், கேப்டன் ஒரு வருஷம் முன்னறிவிப்பு கொடுக்கணும். 2023-ல ஆகாசா ஏர்ல 43 பேர் முன்னறிவிப்புக் காலம் முடியாம போனப்போ, நிறுவனம் நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

மூணாவது: நாம போகாம, நிறுவனமே போயிட்டா? இது கற்பனை இல்ல. கிங்ஃபிஷர் 2012-ல நின்னுச்சு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல கடைசி விமானத்தை இறக்குச்சு. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாசம் திவால் மனு போட்டு நிறுத்திடுச்சு. அதனால கேட்க வேண்டியது: சம்பளம் மாசக்கணக்குல வரலைன்னா பாண்ட் என்ன ஆகும்? பயிற்சி ஆரம்பிக்கிற தேதியை அவங்க தள்ளிப் போட்டா, அஞ்சு வருஷக் கணக்கு எப்போ தொடங்கும்?

நாலாவது, உடம்பு. விமானி வேலை மருத்துவச் சான்றுல தொங்குது. உடம்பு சரியில்லாம சான்று போயிட்டா பாண்ட் தொகை கேட்பாங்களா? அப்புறம் ஓய்வு. வாரத்துக்குத் தொடர்ச்சியா 36 மணி நேரமா இருந்த ஓய்வை 48 மணி நேரமா 2025 ஜூலையிலிருந்து டி.ஜி.சி.ஏ. கூட்டுச்சு. இரவு லேண்டிங்கை ஆறுல இருந்து ரெண்டா குறைக்கிற விதி நவம்பர்ல வந்தது. டிசம்பர்ல இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செஞ்சப்போ, அந்த இரவு விதியில தற்காலிக விலக்கு கிடைச்சது. ஓய்வு விதி காகிதத்துல இருக்கிறது ஒண்ணு, ரோஸ்டர்ல வர்றது இன்னொண்ணு. அதனால அந்த நிறுவனத்துல ஏற்கெனவே பறக்கிற ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சுப் பேசச் சொன்னேன். பேசினான். 'வேலை கஷ்டம், சம்பளம் தேதிக்கு வருது'ன்னாங்க.

ஏழாவது நாள், நாலே வரியில ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். சித்திக்குப் பயம். 'இத்தனை கேள்வி கேட்டா வேலையே இல்லன்னுட்டா என்னடா பண்றது?' அந்தப் பயம் நியாயமானது. வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு. அதனால சம்பளத்தைக் கூட்டிக் கேட்கல, வேற ஊர் கேட்கல. இருக்கிற நிபந்தனைக்கு விளக்கம் மட்டும் கேட்டான்.

ரெண்டு நாள்ல பதில் வந்தது. பாண்ட் தொகை வருஷா வருஷம் விகிதப்படி குறையும், எழுத்துல தர்றோம். மருத்துவக் காரணத்துக்குத் தொகை கேட்க மாட்டோம், அதையும் தர்றோம். பயிற்சி தள்ளிப்போனா? கணக்கு லைன்ல ரிலீஸ் ஆன நாள்ல இருந்துதான், மாத்த முடியாது. சம்பளம் வராத நிலைமை பத்திப் பதிலே இல்ல.

அதாவது நாலுல ரெண்டு. அன்னைக்கு ராத்திரி சித்தப்பா வீட்டுல உட்கார்ந்து பேசினோம். பதில் வராத கேள்விக்கு நாமே ஒரு பதில் வச்சிருக்கணும்னு முடிவாச்சு. ஆறு மாசத் தவணைக்கான பணத்தைத் தனியா ஒரு கணக்குல போட்டு வைக்கிறது, அது நிரம்புற வரைக்கும் கார், பைக்குனு எதுவும் இல்ல. தம்பி ஒத்துக்கிட்டான். மறுநாள் காலையில கையெழுத்துப் போட்டு அனுப்பினான்.

இப்போ அவன் பயிற்சி தேதிக்காகக் காத்திருக்கான். நல்லபடியா முடியும்னு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனா எதுல கட்டுப்பட்டிருக்கான், அது எப்போ தீரும்னு அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

உங்க வீட்டுலயும் முதல் வேலைக் கடிதம் வந்திருந்தா, சம்பள வரியைப் படிச்சதும் நேரா வெளியேறுற நிபந்தனைக்குப் போங்க. புரியாததை மரியாதையா, எழுத்துல கேளுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.