உயிர் காக்கும் மருந்துக்கு ஏகபோக உரிமையா?

(மருந்துத் தொழிலாளரும் ஆஸ்பத்திரி ஊழியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



"பேடண்ட் சட்டமும் புற்றுநோயும்" என்ற விஷயம் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இது வக்கீல்களும் டாக்டர்களும் பேசவேண்டிய விஷயம், நமக்கெதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படியல்ல. கூலிக்கும் சம்பளத்துக்கும் உழைக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. மருந்துச் சீட்டோடு கடைக்குப் போய், விலையைக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அந்த விலையை நிர்ணயிப்பது யார்? எந்தச் சட்டத்தின் பலத்தால்? இதுதான் இன்றைய கேள்வி.

ரேடியம் சொல்லும் பாடம்

மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவர் பியேர் கியூரியும் 1898-ல் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். தாதுவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் முறையையும் வகுத்தார்கள். அந்த முறைக்குப் பேடண்ட் வாங்கியிருந்தால் கோடீசுவரர்களாகியிருக்கலாம். அவர்கள் வாங்கவில்லை. விஞ்ஞானத்தின் தர்மத்துக்கு அது விரோதம் என்று கருதி, முறையை உலகுக்கு அப்படியே வெளியிட்டார்கள். அந்த ரேடியத்தைக் கொண்டு டாக்டர்கள் புற்றுநோய்க் கட்டிகளுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்கள்.

பிறகு நடந்தது என்ன? ரேடியத்தை உற்பத்தி செய்து விற்றவர்கள் பணம் குவித்தார்கள். 1921-ல் ஆராய்ச்சிக்காக அம்மையாருக்கு ஒரு கிராம் ரேடியம் தேவைப்பட்டது. அதன் விலை ஒரு லட்சம் டாலர்! அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி அதை வாங்கிக் கொடுத்தார்கள். கண்டுபிடித்தவரே வாங்க முடியாத விலை!

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. அறிவைப் பூட்டி வைக்காமலே மகத்தான கண்டுபிடிப்புகள் நடக்கும் என்பது ஒன்று. அறிவு பொதுவாக இருந்தால் மட்டும் போதாது, உற்பத்தியும் விலையும் யார் கையில் இருக்கின்றன என்பதையும் பார்க்கவேண்டும் என்பது மற்றொன்று.

பலர் உழைப்பு, ஒருவர் உரிமை

இமாட்டினிப் என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை, நாட்பட்ட மைலாய்டு லுகீமியா. 1960-ல் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்ற இரு விஞ்ஞானிகள், இந்த நோயாளிகளின் இரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 1973-ல் சிக்காகோவில் ஜானட் ரௌலி அம்மையார் அதன் காரணத்தைக் கண்டார். 9-வது குரோமோசோமின் ஒரு துண்டும் 22-வது குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டியதில் பிறக்கும் கோளாறான புரதம், நிறுத்த முடியாத இயந்திரம்போல வெள்ளணுக்களைப் பெருக்கித் தள்ளுகிறது.

நோயின் வேர் தெரிந்த பிறகுதானே அந்த இயந்திரத்தை நிறுத்தும் மருந்தைத் தேட முடியும்? சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி கம்பெனியில் இரசாயன விஞ்ஞானிகள் அதை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் ஆரகன் மாகாணத்துச் சர்வகலாசாலை டாக்டர் பிரையன் டிரக்கர் அதை விடாப்பிடியாகச் சோதித்து நிரூபித்தார். 1996-ல் சீபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயிற்று. 2001 மே மாதம் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. முன்பு சில ஆண்டுகளில் மடிந்துகொண்டிருந்த நோயாளிகள், தினமும் மாத்திரை விழுங்கி வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள்.

இது மனித அறிவின் பெரிய வெற்றி. கம்பெனியின் விஞ்ஞானிகளுக்கும் இதில் பங்குண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுக்கால அறிவு ஒருவருடைய சொத்தா? சர்வகலாசாலைகளின் உழைப்பு எங்கே? மக்களின் வரிப்பணம் எங்கே? இவை விலைச் சீட்டில் வராது!

ஆராய்ச்சிச் செலவு என்னும் வாதம்

"பேடண்ட் இல்லாவிட்டால் ஆராய்ச்சியே நடக்காது, செலவை மீட்கத்தான் விலை" என்று கம்பெனிகள் சொல்கின்றன. சரி, கணக்குப் பார்ப்போம். அமெரிக்காவில் இந்த மருந்து வந்தபோது ஓர் ஆண்டுக்கு விலை சுமார் 30,000 டாலர். செலவை மீட்பதுதான் நோக்கமென்றால், பதினோரு ஆண்டுகள் விற்ற பிறகு விலை என்ன ஆகியிருக்க வேண்டும்? இறங்கியிருக்க வேண்டும். ஆனால் 2012-ல் அது சுமார் 92,000 டாலராக ஏறியது! மருந்தும் அதே மருந்து, மாத்திரையும் அதே மாத்திரை. இந்நோயில் தேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் 2013-ல் ஒன்றுகூடி இந்த விலைக் கொள்கையைக் கண்டித்து எழுதினார்கள். அவர்கள் யாரும் கம்யூனிஸ்டுகள் என்று பெயர் வாங்கியவர்களல்ல!

டாக்ஸால் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தைப் பாருங்கள். பசிபிக் கரையோரத்து யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. பட்டையைச் சேகரித்தது, பரிசோதித்தது எல்லாம் அமெரிக்க சர்க்காரின் பணத்தில். 1991-ல் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனியிடம் அது ஒப்படைக்கப்பட்டது. 2002 வரை இந்த மருந்து சம்பந்தமான ஆராய்ச்சிக்கு சர்க்கார் செலவிட்டது 48 கோடியே 40 லட்சம் டாலர். கம்பெனியின் விற்பனை 900 கோடி டாலர். சர்க்காருக்குக் கிடைத்த ராயல்டி வெறும் மூன்றரைக் கோடி டாலர். விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்!

நம் நாட்டுச் சட்டத்தின் வரலாறு

வெள்ளைக்காரன் 1911-ல் கொண்டுவந்த பேடண்ட் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. அந்நியக் கம்பெனிகள் இங்கே மருந்தைத் தயாரிக்கவும் மாட்டா, மற்றவர் தயாரிக்க விடவும் மாட்டா. நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-ல் தந்த அறிக்கை இந்த நிலைமையை ஆராய்ந்து புதிய சட்டத்துக்கு வழி காட்டியது. 1970-ல் நிறைவேறி 1972-ல் அமலுக்கு வந்த சட்டம், மருந்துப் பொருளுக்குப் பேடண்ட் இல்லை, தயாரிப்பு முறைக்கு மட்டுமே உண்டு என்று விதித்தது. பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், பிறகு சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். ஆலைகள் என்று பொதுத்துறையும் வளர்ந்தது. இந்த இரண்டு கால்களில் நின்றுதான் இந்திய மருந்துத் தொழில் உலகத்துக்கே மலிவு மருந்து தரும் நிலைக்கு வந்தது.

1995-ல் உலக வர்த்தக ஸ்தாபனம் பிறந்தது. அதன் ஒப்பந்தப்படி 2005-ல் மருந்துப் பொருளுக்கும் பேடண்ட் கொடுக்கும் சட்டம் வந்தது. அப்போது பாராளுமன்றத்தில் இடதுசாரிக் கட்சிகள் வற்புறுத்தியதால் சில பாதுகாப்புகள் நுழைந்தன. அவற்றில் முக்கியமானது 3(டி) பிரிவு. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, அதன் பலன் கூடினாலொழியப் பேடண்ட் கிடையாது என்பதே அதன் சாரம்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

நோவார்ட்டிஸ் 1998-ல் இமாட்டினிப்பின் ஒரு பளிங்கு வடிவத்துக்குப் பேடண்ட் கேட்டு மனுப்போட்டது நமது சென்னை அலுவலகத்தில்தான். அடிப்படைப் பொருள் அதற்கு முன்பே உலகறிந்தது. 2003-ல் கம்பெனிக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்ததும், சில இந்தியக் கம்பெனிகள் மருந்தை நிறுத்த நேர்ந்தது. அப்போது கம்பெனியின் மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியத் தயாரிப்பு சுமார் 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது.

நோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று துணிந்து ஆட்சேபணை தாக்கல் செய்தது. 2006 ஜனவரியில் சென்னை பேடண்ட் அலுவலகம் மனுவை நிராகரித்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனது. 2007 ஆகஸ்டில் அங்கும் தோற்றது. 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு முடிவாகத் தீர்ப்பளித்தது. தூள் நன்றாக ஓடுகிறது, ஈரம் பிடிப்பதில்லை என்பதெல்லாம் நோய் தீர்க்கும் பலன் ஆகாது என்று கோர்ட்டு சொல்லிற்று.

"பல நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தோமே" என்கிறது கம்பெனி. கொடுத்தது உண்மை. ஆனால் தோழர்களே, தர்மம் வேறு, உரிமை வேறு. கொடுப்பவன் மனம் மாறினால் தர்மம் நிற்கும். இந்த மாத்திரையோ நாள் தவறாமல், பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியது. ஒருவர் உயிரை இன்னொருவர் தயவில் விட முடியுமா?

இன்னொரு வெற்றியும் உண்டு. சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்கான நெக்சாவர் மருந்தை பேயர் கம்பெனி மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் பேடண்ட் கண்ட்ரோலர், கட்டாய லைசென்ஸ் விதியின்கீழ், ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனிக்கு உற்பத்தி அனுமதி தந்தார். விலை 9,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பேயருக்கு ராயல்டியும் கிடைத்தது. வானம் இடிந்து விழவில்லை! ஆனால் அதற்குப் பிறகு இதுவரை இன்னொரு மருந்துக்கு அப்படிப்பட்ட லைசென்ஸ் கொடுக்கப்படவில்லை. ஆயுதம் பெட்டியில் துருப்பிடிக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

மாதம் 20,000 ரூபாய் வாங்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1,20,000 ரூபாய் என்றால் ஒரு மாத மாத்திரைக்கு ஆறு மாதச் சம்பளம். 8,000 ரூபாய் என்றாலும் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். ஆகவே மலிவு மருந்து மட்டும் போதாது; சர்க்கார் ஆஸ்பத்திரியில் அது இலவசமாகக் கிடைக்கவேண்டும். 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக மருந்து வாங்குகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் டெண்டருக்குப் பல பேர் வேண்டும். விற்பவன் ஒருவனே என்றால் டெண்டர் ஏது? பேடண்ட் சட்டத்துக்கும் நமது ஊர் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் பேடண்ட் விதிகளை மாற்றியது. பேடண்ட் வழங்குமுன் ஆட்சேபிக்கும் வழியில் கட்டணமும் புதிய தடையும் வந்தன. பேடண்ட் எப்படிப் பயன்படுகிறது என்று கம்பெனிகள் ஆண்டுதோறும் தரவேண்டிய கணக்கு, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆயிற்று. அன்று அந்த நோயாளிகளின் சங்கம் நுழைந்த அதே கதவுதான் இன்று குறுக்கப்படுகிறது!

ஆகவே நாம் கோருவது இது. 3(டி) பிரிவில் கைவைக்கக் கூடாது. ஆட்சேபிக்கும் உரிமையை முழுதாக மீட்கவேண்டும். விலை எட்டாத புற்றுநோய் மருந்துகளுக்குக் கட்டாய லைசென்ஸ் வழங்கவேண்டும். பொதுத்துறை மருந்து ஆலைகளுக்கு உயிர் கொடுக்கவேண்டும். மக்கள் பணத்தில் பிறக்கும் கண்டுபிடிப்பு மக்களுக்கே உரியதாக வேண்டும்.

இவை வெறும் தீர்மானமாகக் காகிதத்தில் கிடந்தால் பிரயோஜனமில்லை. மருந்து தயாரிப்பவர்கள் நீங்கள். அதன் அடக்க விலை உங்களுக்குத் தெரியும். மருந்தைக் கையில் கொடுப்பவர்கள் நீங்கள். அது இல்லாமல் திரும்புகிறவன் முகத்தையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை ஊருக்குச் சொல்லுங்கள். ஆலை வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் சொல்லுங்கள். கியூரி அம்மையார் உலகுக்குக் கொடுத்ததைச் சிலர் உரிமையாக்கிக் கொண்டார்கள். அதை மீண்டும் உலகுக்கு ஆக்குவது உழைப்பாளி மக்களின் கடமை.