பணமில்லாத பரிசு

ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்கு நற்பெயரின் மதிப்பைப் புதிதாய்ச் சொல்லவேண்டியதில்லை. 1904-ம் வருஷத்தில் ஆவடிக்கு மேற்கே திரூரில் சென்னை மாகாணத்தின் முதற் சங்கம் பதிவான காலந்தொட்டு, அடகு வைக்க நகையில்லாத குடியானவனுக்கு அவனுடைய நாணயமே ஜாமீனாக நின்றிருக்கிறது. மகாசபையில் பதக்கம் வழங்க விரும்பும் சங்கத்தார், அதனை வழங்கும் முறைக்கு அம்பத்தூரை அடுத்த பாடியில் ஓர் உதாரணம் காணலாம்.

பாடியில் அப்போது இயங்கிவந்த சுந்தரம் கிளேட்டன் யந்திரசாலையின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானியரின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் ஸ்தாபனம் அதுவே. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-லும், ரானே பிரேக் லைனிங்ஸ் 2003-லும் பெற்றன. அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணர் டெமிங், 1950-ல் ஜப்பானில் தாம் செய்த பிரசங்கங்களின் புத்தக வருமானத்தைத் தமக்கென வையாமல் அந்நாட்டு எஞ்சினீர்கள் சங்கத்துக்கே விட்டுக்கொடுத்தார். அதைக்கொண்டு 1951-ல் ஏற்பட்டது இப்பரிசு. வென்ற ஸ்தாபனத்துக்குக் கிடைப்பது பதக்கமும் பத்திரமுமே, ரொக்கம் கிடையாது. பரீக்ஷகர்கள் வந்துபோகும் செலவுங்கூட விண்ணப்பித்தவர் தலையில்தான்!

அப்படியிருந்தும் ஸ்தாபனங்கள் இதனை நாடுவதற்குக் காரணம் உண்டு. பரீக்ஷகர்கள் வேலைத்தலத்துக்கே வந்து பார்த்து, திருத்தவேண்டிய குறைகளை எழுதிக்கொடுக்கிறார்கள். பரீக்ஷைக்கு ஆயத்தமாகும் வருஷங்களில் பழுதான சாமான் குறைவது பதக்கத்தினும் பெரிய லாபம். கடல் கடந்து சாமான் வாங்கும் வியாபாரி பாடியைப் பார்த்தறியான். அவனுக்குப் பதக்கமே ஜாமீன்.

முக்கியமான சங்கதி வேறொன்று. இப்பரிசு வருஷத்துக்கு ஒருவருக்கென்று வரையறுக்கப்பட்டதன்று. குறித்த தரத்தை எட்டியவர் எத்தனை பேரானாலும் அத்தனை பேருக்கும் உண்டு. ஆகவே ஒருவர் வெற்றி மற்றவருக்கு நஷ்டமாவதில்லை. தொழிலாளரை வருஷந்தோறும் தரவரிசைப்படுத்துவதை டெமிங்கே வன்மையாய்க் கண்டித்தவர்.

சங்கங்களில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. சிறந்த அங்கத்தினர் ஒருவர் என்று மேடையேற்றினால், ஒரே ஏரித் தண்ணீரில் பயிரிடும் மற்றவர்களுக்கு மனத்தாங்கல் உண்டாகும். பிரசிடெண்டின் மைத்துனருக்கே பதக்கம் என்ற பேச்சும் எழும். ஐந்து வருஷம் தவணை தவறாமல் கடனடைத்த அனைவருக்கும் என்று விதித்தால் இவ்விரண்டுக்கும் இடமில்லை. தரத்தைத் தளர்த்தி ஊருக்கெல்லாம் கொடுத்தால் அதுவும் பித்தளைக் காசாகிவிடும். ஆதலால் விதியை வருஷாரம்பத்திலேயே தீர்மானப் புஸ்தகத்தில் எழுதிவைத்து, கணக்கைப் பக்கத்துக் கிராமத்துச் சங்கத்தின் காரியதரிசியைக் கொண்டு பார்வையிடச் செய்வது உசிதம்.