கூந்தலின் வலிமை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கற்றறிந்தோர் பலர் நின்று பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்பு மட்டும் தேறி, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் எம்மையும் பேசுமாறு செயலாளர் பணித்தார். பொருள் யாது என்று வினவினோம். “தங்கள் விருப்பம்” என்றார். ஆதலின், வாழ்க்கையில் யாம் பாடுபட்டுக் கற்ற ஒரு பொருளைப் பற்றியே பேசத் துணிந்தோம். அது தலைமயிரைப் பற்றியது. அன்பர்கள் நகைக்க வேண்டா.

கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்கு ஐயம் எழுந்ததும், அதன் பொருட்டு நக்கீரர் இறையனாரோடே வழக்காடியதும் நாம் அனைவரும் அறிந்த கதை. மணத்தைப் பற்றி அத்துணை வாதம் நடந்த தமிழகத்தில், கூந்தலுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்று எவரும் வினவியதாகக் கதை இல்லை. எம்மை வினவ வைத்தவள் எம் மகள்.

அவள் பிறந்தபோது எல்லாக் குழந்தைகளையும் போலவே தலைமயிர் இருந்தது. சில திங்களில் அது உதிர்ந்தது. பின்னர் முளைத்தது விரற்கடை அளவுக்கு மேல் வளரவில்லை. அறுத்த வயலில் நிற்கும் தாள் போல் முறிந்து முறிந்து நின்றது. நம் காலனித் தாய்மார்கள் அன்போடு சொன்ன செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, சின்ன வெங்காயம் எதையும் விட்டு வைக்கவில்லை. மும்முறை முடியிறக்கினோம். பயன் இல்லை.

எம் உறவினர் பழியை எம் இல்லாள் மீது சுமத்தினர். கருவுற்ற காலத்தில் உணவில் ஒழுங்கில்லை என்றார் ஒருவர். குழந்தைக்கு எண்ணெய் வைக்கத் தெரியவில்லை என்றார் மற்றொருவர். யாமும் இரண்டொரு முறை அவ்வாறே சொல்லியிருக்கிறோம். இவ்வாறு பதினோராண்டுகள் கழிந்தன.

பின்னர் ஒரு தோல் மருத்துவரிடம் சென்றோம். அவர் ஒற்றை மயிரை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து எம்மையும் பார்க்கச் சொன்னார். நூலில் மணி கோத்தாற்போல் ஓரிடம் பருத்தும் ஓரிடம் சிறுத்தும் இருந்தது அந்த மயிர். பருத்த இடமே இயல்பான பருமன் என்றும், சிறுத்த இடத்தில்தான் அது முறிகிறது என்றும் விளக்கினார். இதன் பெயர் மோனிலெத்ரிக்ஸ். இலத்தீனில் ‘மோனிலே’ என்றால் கழுத்தணி. கிரேக்கத்தில் ‘த்ரிக்ஸ்’ என்றால் மயிர். 1879இல் டப்ளின் நகர மருத்துவர் வால்ட்டர் ஸ்மித் இதனை முதன்முதல் விவரித்தார்.

இது ஏன் நேர்கிறது என்பதைச் சிறிது காண்போம். மயிரும் நகமும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. ஆட்டின் கம்பளியும் மாட்டின் கொம்பும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. கெரட்டினில் இருவகை உண்டு. கயிறு திரிப்போர் இரு புரியைச் சேர்த்து முறுக்குவது போல், முதல் வகையில் ஓரிழையும் இரண்டாம் வகையில் ஓரிழையும் இணைந்தே முறுக்கேறும். ஒன்று மட்டும் தனித்துக் கயிறாகாது. இவ்விழைகள் ஒன்றையொன்று முறுக்கி நிற்கும் என்று 1952இலேயே எழுதியவர் பிரான்ஸிஸ் கிரிக். இழைகளை இறுக்கிப் பிணைப்பது கந்தகம். மயிர் தீய்ந்தால் எழும் நாற்றத்திற்கும் அந்தக் கந்தகமே காரணம்.

மனிதரிடம் கெரட்டின்களுக்கென 54 மரபணுக்கள் உள்ளன. மயிருக்குரிய முதல் வகைக் கெரட்டின்களின் மரபணுக்கள் 17ஆம் குரோமோசோமிலும், இரண்டாம் வகையின் மரபணுக்கள் 12ஆம் குரோமோசோமிலும் அமைந்திருக்கின்றன. பின்னதில் ஒன்றுக்குக் கே.ஆர்.டி. 86 என்று பெயர். இதில் நேரும் பிழையே இந்நோய்க்குக் காரணம் என்பதை 1997இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகர ஆராய்ச்சியாளர்களும் அவர்தம் தோழர்களும் கண்டறிந்தனர். இதன் உடன்பிறப்புகளான 81, 83 ஆகியவற்றில் பிழை நேரினும் இந்நோய் வரலாம்.

பிழை எவ்வளவு பெரிது? ஒரே ஓர் எழுத்து! எம் தொழிலைக் கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். நாகபுரியிலிருந்து தெற்கே பல்லார்ஷாவுக்குச் செல்லும் பார்சலுக்குப் பி.பி.க்யூ. என்று குறியிட வேண்டும். கடைசி எழுத்தை மட்டும் மாற்றிப் பி.பி.எல். என்று எழுதிவிட்டால், பார்சல் வடக்கே போபாலுக்குப் போய்விடும். மூட்டை நல்ல மூட்டை. கட்டும் நல்ல கட்டு. குற்றம் ஓர் எழுத்தில். அதுபோலவே இம்மரபணுவில் ஓர் எழுத்து மாறினால், புரதத்தின் 413ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் நிற்க வேண்டிய இடத்தில் லைசின் வந்து நிற்கிறது. முன்னது எதிர் மின்னேற்றம் உடையது. பின்னது நேர் மின்னேற்றம் உடையது. அவ்விடமோ கயிற்றின் முனை. முனை சரியாக அமையாவிடில் புரி எங்ஙனம் நிற்கும்? இந்நோயில் அடிக்கடி காணப்படும் பிழை இதுவே. எம் மகளின் இரத்தச் சோதனையிலும் இதுவே வந்தது.

சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, “வீட்டில் வேறு எவருக்கு இது உண்டு?” என்று மருத்துவர் வினவினார். ஒருவருக்கும் இல்லை என்றோம். அவர் எழுந்து வந்து எம் பிடரியைத் தடவினார். அங்கே சொரசொரப்பும் முறிந்த மயிரும் இருந்தன. யாம் இளமை முதல் தலையை ஒட்ட வெட்டிக்கொள்பவர். ஆண்மகனை எவர் கேட்பார்? இப்பிழை பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பில் வந்து சேரும். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மிகுந்தும் ஒருவருக்குக் குறைந்தும் காணும்.

அன்பர்களே! மயிர் முறிந்தது மகளுக்கு. பழி சுமந்தவள் தாய். பிழை வந்ததோ எம்மிடமிருந்து. எம் இல்லாள் வீடு வரும்வரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றிரவே ஊரிலிருக்கும் எம் அன்னையாரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைக் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “உன் அப்பாவும் உறங்கும்போதுதான் தலைத்துண்டை அவிழ்ப்பார், ஐயா” என்றார். அதன் பிறகு எம் இல்லாளிடம் கொடுக்கச் சொன்னார். இருவரும் என்ன பேசினர் என்று யாம் கேட்கவில்லை.

இந்நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. சில மருந்துகளால் சிலருக்குச் சிறிது பயன் உண்டு. வயது வந்தபின் தானே ஓரளவு தேறுவோரும் உளர். இறுகப் பின்னாமலும், அழுத்தி வாராமலும், சூடு காட்டாமலும் காப்பதே முதன்மை. இது தொற்றாது. அறிவையோ ஆயுளையோ தொடாது.

எனவே நம் காலனிக் குடும்பங்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றே. ஒரு குழந்தையின் உடலில் குறை கண்டால், “தாய் என்ன செய்தாள்?” என்று முதலில் கேளாதீர்கள். எவரும் அறிந்து எழுதிய பிழையன்று அது. படி எடுக்கையில் நேர்ந்த கைப்பிழை. நாள் முழுதும் படி எடுத்தே பிழைக்கும் யாம் அதனை அறிவோம்.

சென்ற ஆண்டுவரை எம் மகள் சவுரி இன்றி இம்மண்டபத்திற்குள் வந்ததில்லை. இன்று கடவுள் வாழ்த்துப் பாடிய பெண்களுள் இடக்கோடியில் நின்றவள் அவளே. சவுரி வைக்கவில்லை. இவ்வுரையை ஆற்றவும் அவளே இசைவு தந்தாள். அவள் பாட்டைத் தாங்கள் கேட்டீர்கள். தலையைப் பார்த்தவர் எத்துணை பேரோ, யாம் அறியோம்.