தாருக்கு முன்னே பாலிதீன்

தென்காசி மாவட்டம் குருவிகுளம் ஒன்றியத்துக் கிராமங்களிலும் வீட்டுக் குப்பையைத் தரம் பிரிப்பது தூய்மைக் காவலர்களின் வேலை. தண்ணீர் பாட்டிலைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொள்வார். பால் கவரைப் பெரும்பாலும் தொடக்கூட மாட்டார். எடை நின்றால்தானே!

சீந்துவாரில்லாத இந்தச் சரக்குக்கு வழி சொன்னவர், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது இளகி ஒவ்வொரு கல்லின் மேலும் பூச்சாகப் படியும். அப்புறம்தான் தார். பிடிப்பு இறுகும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது, குழியும் குறையும். ஒருவழித்தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் பிடிக்கும். கிட்டத்தட்ட அதே அளவு தார் மிச்சம்.

2002-ல் கல்லூரி வளாகத்திலேயே சோதனைச் சாலை. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

இதை முழு மறுசுழற்சி என்று சொல்லிவிட முடியாது. சாலைக்குள் போன பாலிதீன் மறுபடி பையாகித் திரும்பாது. ஆனாலும் ஓடையில் அடைத்து, தெருவோரம் எரிந்து புகைவதற்கு இது எவ்வளவோ மேல். பி.வி.சி. மட்டும் கலக்கக் கூடாது, சூட்டில் நச்சு வாயு கிளம்பும். மண்ணும் ஈரமும் ஒட்டிய கவரும் உதவாது. பால் கவரை அலசி, காயவைத்து, தனியாகக் கொடுத்தால்தான் தூய்மைக் காவலர் அதை நறுக்கும் இயந்திரத்துக்கு அனுப்ப முடியும்.